பழைய ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர்களில் யார் பெரியவர்? அவர்கள் ஆட்டம் இன்று எடுபடுமா?

கேள்வி கேட்டவர் யூட்யூபில் நூறு வருடத்துக்கு முந்தைய சண்டைகளைப் பார்த்திருக்கிறார். "குத்துவதைவிடக் கட்டிப்பிடிப்பதுதான் அதிகம், இதற்கா உலகப் பட்டம்?" என்று கேட்டிருக்கிறார். முதல்முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தப் படங்கள் கேமராவைக் கையால் சுற்றி எடுத்தவை. இன்றைய வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி வெடுக் வெடுக்கென்று நகர்வார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், ஆட்டமே வேறாகத் தெரியும்.

அப்புறம் ஆட்டத்தின் நீளம். இன்று பட்டத்துக்கான சண்டை 12 ரவுண்டு. 1910 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் நெவாடாவில், ரீனோ நகரில் அப்போதைய சாம்பியன் ஜாக் ஜான்சனும் முன்னாள் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸும் மோதியபோது பேசிக்கொண்டது 45 ரவுண்டு. அதுவும் திறந்த வெளியில், வெயிலில். முதல் ரவுண்டிலேயே மூச்சைக் கொட்டித் தீர்ப்பவன் முட்டாள். கிளவுஸும் மெல்லியது. மண்டையில் ஓங்கிக் குத்தினால் குத்தியவன் கையே உடையும். அதனால் ஒவ்வொரு குத்தையும் கணக்குப் பார்த்துத்தான் விட்டார்கள்.

இந்தக் கணக்கில் ஜான்சனை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கட்சி. கை தாழ்ந்தே இருக்கும், உடம்பு சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். எதிராளி குத்த எத்தனிக்கும்போதே அவன் புஜத்தில் கிளவுஸை வைத்து அழுத்திவிடுவார். குத்து கிளம்புவதற்கு முன்பே செத்துப்போகும். நீங்கள் கட்டிப்பிடிப்பது என்று சொல்வது பாதி நேரம் இதுதான். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழிருந்து அப்பர்கட்டும் போடுவார்.

1909இல் எடை குறைந்த பிரிவான மிடில்வெயிட்டின் சாம்பியன் ஸ்டான்லி கெட்சலுடன் நடந்த சண்டையைப் பாருங்கள். படம் நன்றாக ஓட வேண்டும் என்பதற்காக இருவரும் இழுத்தடிக்கப் பேசி வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 12ஆவது ரவுண்டில் கெட்சல் சுற்றி வீசிய வலது கை பட்டு ஜான்சன் கீழே போகிறார். எழுகிறார். முடித்துவிடலாம் என்று கெட்சல் பாய்ந்து வருகிறார். அவ்வளவுதான். ஜான்சன் குத்திய வேகத்தில், விழுந்து கிடக்கும் கெட்சலின் கால்கள் மேலேயே தடுக்கி அவரும் விழுகிறார். அதுவரை 'சோம்பேறி' போலத் தெரிந்த மனிதர் இவர்தானா என்று இருக்கும்.

ஜெஃப்ரீஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ரீனோவில் ஜான்சனிடம் தோற்றது ஏறக்குறைய ஆறு வருடம் ரிங்கைத் தொடாத, பருத்துப் பிறகு இளைத்த ஜெஃப்ரீஸ். நல்ல நாளில் அவர் குனிந்து, இடது கையை நீட்டிக்கொண்டு, எத்தனை வாங்கினாலும் முன்னேறுவார். 1900இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஜிம் கார்பெட் 22 ரவுண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஆட்டம் காட்டினார். 23ஆவது ரவுண்டில் ஜெஃப்ரீஸின் ஒரு குத்து, கதை முடிந்தது. அந்த உடல் வலு எனக்கும் பிரமிப்புதான். ஆனால் 22 ரவுண்டு ஏமாந்தவரை ஜான்சனுக்கு மேலே வைக்க மனம் வரவில்லை.

இன்று எடுபடுமா என்றால், அப்படியே எடுபடாது. சொந்த அனுபவம். கல்லூரிக் காலத்தில் கொஞ்ச நாள் பாக்ஸிங் கற்றேன். ஜான்சன் படத்தைப் பார்த்த மப்பில் ஒருநாள் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், கையைத் தாழ்த்திப் பின்னால் சாய்ந்து நின்றேன். எதிரே இருந்தவன் என்னைவிடச் சின்னப் பையன். இரண்டு ஜேப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து). இரண்டும் மூக்கில். மாஸ்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, "கையத் தூக்குடா, சாம்பியனு" என்றார். அந்தக் காலத்தில் தள்ளி நின்று நிதானமாக ஆடியதால்தான் தாழ்ந்த கை தாங்கியது. இப்போது நாலைந்து குத்துகள் சரம்சரமாக வருகின்றன.

ஜான்சன் கட்சியில் இருந்துகொண்டே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சாம் லாங்ஃபோர்ட். இவரும் கறுப்பர், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர், உயரம் ஐந்தடி ஏழு அங்குலத்தை ஒட்டித்தான், தன்னைவிடப் பெரிய ஆட்களைச் சாய்த்தவர். 1906இல் ஜான்சன் அவரை 15 ரவுண்டில் வென்றார், அப்போது லாங்ஃபோர்ட் எடையில் மிகவும் குறைவு. பிறகு அவர் வளர்ந்து தேறினார், ஜான்சனும் 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்துச் சாம்பியன் ஆனார். கறுப்பர் என்பதற்காகப் பல வருடம் பட்டத்தின் வாசலில் நிறுத்தப்பட்ட அதே ஜான்சன், லாங்ஃபோர்டுக்குக் கடைசிவரை பட்டத்துக்கு மோத வாய்ப்புத் தரவில்லை. 1913இல் பாரிஸில் வேறொரு கறுப்பின வீரருக்குத் தந்தார். அந்தச் சண்டை டிராவில் முடிந்தது.