மூலம் என்று நினைத்த இரத்தம்: குடல் அழற்சி நோய் குறித்த கேள்வி பதில்

மலத்தில் இரத்தம் போவதை நம் ஊரில் யாரும் எளிதில் வெளியே சொல்வதில்லை. சொல்ல நேர்ந்தாலும் முதலில் ‘சூடு’ என்பார்கள். எண்ணெய்க் குளியலுக்கும் வெந்தயத்துக்கும் அடங்காவிட்டால் ‘மூலம்’ என்பார்கள். மதுரையில் 22 ஆண்டுகளாகக் குடல் நோய்களைப் பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில், இம்முறை வந்த கேள்விகளுக்கு இயன்றவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருமங்கலம்): என் மகனுக்கு 27 வயது. எட்டு மாதங்களாக மலத்தோடு இரத்தமும் சளியும் போகின்றன. மூலத்துக்கு வைத்தியம் பார்த்தோம். அமீபா என்று மூன்று முறை மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. இது என்னவாக இருக்கும்?

பதில்: மூலத்தில் வரும் இரத்தம் பெரும்பாலும் மலம் கழித்தபின் செக்கச்செவேலெனச் சொட்டும், மலம் கெட்டியாகவே இருக்கும், இரவில் எழுப்பாது. தங்கள் மகனுக்கோ சளியும் இரத்தமும் கலந்து போகின்றன. இதனுடன் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போவது, அடக்க முடியாத அவசரம், போய் உட்கார்ந்தால் ஒரு கரண்டி சளி மட்டும் வந்து மீண்டும் முக்க வைப்பது, விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்து ஓடுவது ஆகியவையும் இருந்தால், பெருங்குடல் புண் அழற்சி, அதாவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், என்ற ஐயம் எழ வேண்டும். என்னிடம் வந்த பேருந்து நடத்துநர் ஒருவர், மதுரைக்கும் தேனிக்கும் இடையே எந்தெந்த நிறுத்தத்தில் கழிப்பறை திறந்திருக்கும் என்பதை மனப்பாடமாக ஒப்பித்தார். வேலை நாளில் மதியம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்றார். நோயின் பெயர் அப்போதே ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. பரிசோதனை அதை உறுதி செய்தது.

அமீபா நம் பகுதியில் இல்லாததன்று. ஆனால் மாத்திரை முடிந்ததும் மீண்டும் மீண்டும் வரும் ‘அமீபா’வை நான் நம்புவதில்லை. மலத்தில் கிருமி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து. அத்துடன் ஹீமோகுளோபின், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் அளவு ஆகியவற்றைப் பார்த்து, கொலோனாஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்து சதைத் துணுக்கு எடுத்தால் விடை கிடைத்துவிடும். எட்டு மாதம் போதும். இனிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (மேலூர்): டியூப் விட்டுப் பார்ப்பது மிகவும் வலிக்குமாமே?

பதில்: முந்தைய நாள் குடலைக் கழுவ மருந்து கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதுதான் சிரமம். பரிசோதனையைத் தூக்க ஊசி போட்டே செய்கிறோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். துணுக்கு எடுப்பது வலிக்காது.

கேள்வி (செல்லூர்): என் தங்கைக்கு 34 வயது. அடிவயிற்றின் வலப்பக்கம் வலி, மாலையில் காய்ச்சல்; எடை 8 கிலோ குறைந்துவிட்டது. ஒரு மருத்துவர் குடல் காசநோய் என்கிறார், இன்னொருவர் கிரோன் நோய் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் குறை சொல்ல மாட்டேன், எங்கள் துறையில் இதைவிடக் கடினமான கேள்வி அதிகம் இல்லை. கிரோன் நோயும் ஒரு குடல் அழற்சி நோய்தான்; வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், விட்டுவிட்டுப் பிடிக்கும், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். ஆனால் அது பெரிதும் விரும்பித் தங்குமிடம் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலை. காசநோய்க்கும் அதே மூலைதான் பிடிக்கும். 1932-இல் நியூயார்க்கில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் சேர்ந்து இந்நோயை விவரித்தார்கள். அகரவரிசையில் முதலில் நின்றவரின் பெயர் நோய்க்கு நிலைத்துவிட்டது. காசநோய் மலிந்த நம் நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லுமுன் இருமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

துணுக்கில் காசநோய்க் கிருமி தென்பட்டாலோ, அக்கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையில் அகப்பட்டாலோ வழக்கு முடிந்தது. அகப்படாவிட்டால் காசநோய் இல்லை என்று பொருளன்று. பலருக்கு அது அகப்படுவதில்லை. அந்நிலையில் காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் மறுபடியும் கொலோனாஸ்கோப்பி செய்து, புண்கள் ஆறியிருக்கின்றனவா என்று பார்ப்பதே நம் நாட்டில் பின்பற்றப்படும் வழி. வலி குறைந்ததா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது; புண் ஆறியதைக் கண்ணால் காண வேண்டும். காசநோய் இருக்க, கிரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடலெங்கும் பரவக்கூடும். ஆகவே ஐயம் தீராதவரை முதல் மருத்துவர் சொன்னபடி நடப்பதே பாதுகாப்பு.

கேள்வி (அண்ணா நகர்): அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு ஸ்டீராய்டு கொடுத்ததும் பத்தே நாளில் குணமாகிவிட்டது. எல்லா மருந்தையும் நிறுத்தினேன். நான்கு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. அதே ஸ்டீராய்டை நானே வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. ஸ்டீராய்டு தீயை அணைக்கும். வீட்டைக் காவல் காக்காது. பிரெட்னிசோலோனை வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு மாத அளவில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். தானாக வாங்கி ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை எல்லாம் வந்து சேர்கின்றன.

காவலுக்கு வைப்பது மெசலமைன் என்ற, குடல் அழற்சியைத் தணிக்கும் மருந்து. நோய் அடங்கிய பிறகும் இதை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். தாங்கள் நிறுத்தியிருக்கக் கூடாதது இதைத்தான். நோய் ஆசனவாயை ஒட்டிய பகுதியில் மட்டும் இருந்தால், வாய்வழி மாத்திரையைவிட ஆசனவாயில் வைக்கும் மாத்திரையே நன்றாகக் கேட்கும். அதை எழுதிக் கொடுத்தால் கூச்சப்பட்டு மருந்துக் கடையில் அந்த ஒன்றை மட்டும் வாங்காமல் போகிறவர்கள் உண்டு. பிறகு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று திரும்பி வருவார்கள்.

மெசலமைனுக்கு அடங்காதவர்களுக்கு, உடலின் எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் அசதியோபிரின். இது முழுப் பலன் தர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் அடிக்கடி இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடங்கிய சில வாரங்களில் தலைமுடி கொத்தாகக் கையோடு வந்தால் மறு சந்திப்பு வரை காத்திராமல், அன்றே மருந்தை நிறுத்திவிட்டு வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். நம்மவர்களில் சிலருக்கு இம்மருந்தைத் தாங்காத மரபணு வேறுபாடு இருக்கிறது. அதற்கும் மேலே இன்ஃப்ளிக்சிமாப் ஊசி. முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது அதன் கணக்கு. தூங்கிக் கிடக்கும் காசநோயை அது எழுப்பிவிடும் என்பதால், அதற்கான பரிசோதனையைச் செய்யாமல் போட மாட்டோம்.

கேள்வி (அலங்காநல்லூர்): காரத்தால்தான் வந்தது என்று வீட்டில் பத்தியச் சாப்பாடு மட்டுமே தருகிறார்கள். எதைச் சாப்பிடலாம்?

பதில்: காரம் நோயை உண்டாக்கவில்லை, உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே தாக்குவதால் வருவது இது. நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், முட்டை, தோல் நீக்கிய பருப்பு ஆகியவை சுகமாக இருக்கும். அடங்கியபின் வீட்டில் எல்லோரும் உண்பதையே உண்ணலாம். ஏற்கெனவே எடை குறைந்தவரைக் கஞ்சியில் வைத்திருப்பது கொடுமை. பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள் மட்டும் பாலைக் குறைக்கட்டும்; ஜிகர்தண்டாவுக்கும் அதே கணக்குதான். கிரோன் நோயால் குடல் சுருங்கியவர்கள் வாழைத்தண்டு, முருங்கைச் சக்கை, கொய்யா விதை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், அடைத்துக்கொள்ளும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் எங்கிருந்து பிடித்த தண்ணீர் என்று தெரியாத நீர்மோருக்கு மட்டும் கும்பிடு போட்டுவிடுங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): எனக்குக் கிரோன் நோய். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் எடுத்துக்கொள்ளலாமா? பீடியும் உண்டு.

பதில்: அவ்வகை வலி மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடக்கூடும், தேவையானால் பாராசிட்டமால். மூட்டு வலி, கண் சிவப்பு, வாய்ப்புண் ஆகியவை இந்நோயின் அங்கமாகவே வரலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பீடியை இன்றே விடுங்கள்; கிரோன் நோயைப் புகை மேலும் முற்ற வைக்கும்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. கருத்தரித்தால் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்கிறார் மாமியார்.

பதில்: அவருடைய அக்கறை புரிகிறது, ஆனால் குழந்தைக்கு மருந்தைவிட அடங்காத நோய்தான் கூடுதல் ஆபத்து. நோய் முழுமையாக அடங்கிச் சில மாதங்கள் ஆனபின் கருத்தரிப்பது நல்லது. மெசலமைனையும் அசதியோபிரினையும் கர்ப்பகாலத்திலும் தொடரலாம். எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் என்றால் கருத்தரிப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும். அடுத்த முறை மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, மருத்துவரையே இதைச் சொல்லச் செய்யுங்கள்.

கேள்வி (பேரையூர்): அப்பாவுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பத்து ஆண்டுகளாக இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு வருவது எளிதன்று. எந்த நிலையில் இரவோடு இரவாக அழைத்து வர வேண்டும்?

பதில்: இரத்தத்தோடு ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ போய், அத்துடன் காய்ச்சலோ, நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித்துடிப்போ இருந்தால் அது கடுமையான நிலை, மருத்துவமனையில் சேர்த்து இரத்தக் குழாய் வழியே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளும் குறையாவிட்டால் வேறு மருந்தா, அறுவை சிகிச்சையா என்று முடிவெடுப்போம். வயிறு உப்பிக் கல்லாக இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையை அந்நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். குடல் வீங்கி வெடிக்கும் நிலைக்குப் போகலாம். ராஜாஜி அரசு மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு உண்டு. பழைய கொலோனாஸ்கோப்பி அறிக்கைகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு வாசலருகே ஆணியில் மாட்டி வையுங்கள். பத்து ஆண்டு ஆகிவிட்டது என்பதால், நோய் அடங்கியிருக்கும்போது புற்றுநோய்க்கான கண்காணிப்புக் கொலோனாஸ்கோப்பியும் அவருக்குச் செய்தாக வேண்டும். எட்டு ஆண்டு கடந்தபோதே அதைத் தொடங்கியிருக்க வேண்டும்.