தினமும் பத்துச் சொல் எழுதிவைத்தும் மறந்துவிடுகிறது. சொல்வளம் பெருக வேறு என்ன பழக்கம் உதவும்?

நீங்கள் அநேகமாகப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள். அதற்கு மட்டும்தான் என்றால் பட்டியலை உருப்போடுங்கள், இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம்.

நானும் பத்துச் சொல் நோட்டு வைத்திருந்தவன்தான். சென்னையில் வேலை பார்த்தபோது மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எழுதுவேன். 'அளறு' என்றால் சேறு என்பதெல்லாம் அப்போது அத்துப்படி. சேற்றில் இறங்கியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

2020இல் கொரோனாவுக்காக ஊருக்கு வந்துவிட்டேன், மன்னார்குடிப் பக்கம். அந்த வருடம் மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்ததால் குறுவை நட்டிருந்தோம். பயிர் பச்சை பிடித்து, முதல் நாள்தான் யூரியா தெளித்திருந்தது. அப்பாவுக்கு முட்டி வலி. "தம்பி, தண்ணி நிக்குதான்னு ஒரு எட்டு பாத்துட்டு வா" என்றார். போய்ப் பார்த்து, "ஒரு ஓட்டை வழியா வெளிய போவுதுப்பா" என்று போனில் சொன்னேன்.

"மடையிலயா, நண்டு வளையிலயா?"

தண்ணீர் விடவும் அடைக்கவும் வரப்பில் வெட்டிய வழி மடை, நண்டு குடைந்த பொந்து வளை. அன்றைக்கு எது மடை, எது வளை என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் "மடையிலதான்" என்றேன். "அப்ப மண்ண வெட்டிப் போட்டு அடை" என்றார். ஏற்கெனவே அடைத்திருந்த மடையை இன்னும் கெட்டியாக அடைத்துவிட்டு வந்தேன். நண்டு வளை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வயலின் உள்பக்கம் அதன் வாயைத் தேடி, வைக்கோலும் சேறும் திணித்து மிதிக்க வேண்டுமாம். விடிவதற்குள் எங்கள் யூரியா பள்ளத்து வயலுக்குப் போய்விட்டது. அது சித்தப்பாவின் வயல். பத்து நாளில் அவர் பயிர் கருகருவென்று நின்றது. பொங்கல் வரைக்கும் என்னை "வாங்க உரக்கடை" என்றுதான் கூப்பிட்டார்.

அப்புறம் நோட்டை மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரே சொல். யார் சொன்னது, என்ன வேலை நடந்தபோது சொன்னது என்பதையும் எழுதுவேன். மறுநாள் அதே ஆளிடம் அந்தச் சொல்லைப் பேசிப் பார்ப்பேன். அரைகுறையாக முற்றிய நெல் கருக்காய், உள்ளே ஒன்றுமே இல்லாதது பதர். இதை மாற்றிச் சொல்லி நடவுக்கு வந்த பெண்கள் சிரித்த சிரிப்பில், செத்தாலும் மறக்காது. "நெல்லுக்குக் காய்ச்சல் பத்தல" என்று அப்பா சொன்னபோது ஜுரம் வந்தவன் மாதிரி விழித்தேன். நெல் காய்ந்திருக்கும் பதத்தைச் சொல்கிறார்.

ராத்திரி சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் தேடுவேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்தில் இலவசம். சொல் அதில் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் அதைவிடச் சந்தோஷம்.

வட்டாரப் பேச்செல்லாம் சொல்வளமா என்று ஒருவர் கிளம்பி வருவார். ஐயா, இலக்கியம் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. 'அளறு' இன்னும் ஞாபகம் இருக்கிறது, வயலில்தான் உதவவில்லை. வயல் இல்லாதவர்கள் தையல் கடையிலோ கொல்லுப் பட்டறையிலோ பத்து நிமிடம் வாயை மூடி உட்காருங்கள், போதும்.

எனக்கு யாரும் கற்றுத்தராமலே வந்த சொல் 'ஈரப்பதம்'. அந்த அறுவடையில் அப்பா நாலு நெல்லைக் கடித்துப் பார்த்து, காய்ச்சல் சரியாக இருக்கிறது என்றார். கொள்முதல் நிலையத்தில் கருவியை வைத்துப் பார்த்து, 17 சதவீதத்தைத் தாண்டுகிறது, எடுக்க முடியாது என்றார்கள். காய வைத்தால் ராத்திரி மழை. ஒன்பது நாள் மூட்டைகள் வெளியே கிடந்தன, படுதா வாடகை வேறு. அந்த ஒன்பது நாளும் வரிசையில் நின்றவர்கள் பேசிய சொற்கள் சிலவற்றை லெக்சிகனில் தேடிப் பார்த்தேன். இல்லை.