ஆசியக் கடைக்குக் கடைசியில் போங்கள், ஆனால் களைத்துப்போய் நுழையாதீர்கள்

குளிர் ஊருக்குக் குடிவந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை கணவரோடு நகரத்துக் கடைத்தெருக்களில் சும்மா சுற்றிவிட்டு, அப்படியே பெரிய ஆசிய மளிகைக் கடைக்கும் போய்வரத் திட்டம். கார் இல்லை, பஸ்ஸும் மெட்ரோவும்தான். போன தடவை வாங்கிய தாய் பேசில் (தாய்லாந்துத் துளசி இலை) வீட்டுக்கு வருவதற்குள் கறுத்துவிட்டது, உறைந்த டம்ப்ளிங் (பூரணம் வைத்த மாவுக் கொழுக்கட்டை) ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டது, சோயா சாஸ் அலமாரி முன்னால் நின்று தலை சுற்றியதுதான் மிச்சம். எந்த வரிசையில் போவது, எதைப் பார்த்து வாங்குவது, எப்படித் தூக்கி வருவது? அவர் சைவம், கணவர் அசைவம்.

முதலில் வரிசை. மளிகை கடைசியில்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 'கடைசியில்' என்றதும் எல்லாரும் கால் ஓய்ந்து, பசி எடுத்து, கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது உள்ளே ஓடுகிறார்கள். அப்படிப் போனால் படத்தைப் பார்த்துப் பையில் போடுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. ஆசியக் கடைக்கென்று முழுசாக ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதற்கு முன்னால் எங்கேயாவது உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள்.

தெருவில் நடக்கிற கடைகளை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 50 பாகையில் இருக்கும் ஊரில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 8 மணி நேரம்தான், 60 பாகையில் 6 மணி நேரம்கூட இல்லை. மளிகைக் கடைக்குள் எப்படியும் டியூப்லைட் வெளிச்சம், அங்கே இருட்டினால் என்ன, இருட்டாவிட்டால் என்ன. பழைய பொருள் கடை, புத்தகக் கடை, பாத்திரக் கடை என்று காலையிலேயே ஏறி இறங்குங்கள். புத்தகம் வாங்கினால் காகிதப் பையை நம்பாதீர்கள், ஈரப் பனியில் அடி கழன்றுவிடும்.

உடுப்பு விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். வெளியே மைனஸ், கடைக்குள் 20 டிகிரிக்கு மேல். ஒரே தடிமனான ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் வேர்க்கும், வேர்வை பருத்தி உடையில் ஊறும், வெளியே வந்ததும் அந்த ஈரமே எலும்பு வரைக்கும் குளிரும். மெல்லிய கம்பளி உள்ளுடை, அதன்மேல் ஒன்று, அதன்மேல் கோட்டு என்று அடுக்காகப் போட்டு, கடைக்குள் நுழையும்போதே கோட்டின் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். மொபைலை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் அதன் பேட்டரி சட்டென்று இறங்கும்.

சரி, பேசில் ஏன் கறுத்தது? பலர் நினைப்பதுபோல வாடியதால் இல்லை, குளிர்பட்டதால். வெப்பமண்டலச் செடிகளின் செல்சவ்வு சுமார் 10, 12 டிகிரிக்குக் கீழே போனாலே சேதமாகிவிடும், உறைய வேண்டிய அவசியமே இல்லை. பேசில் இலைக்கு அப்படித்தான் கரும்புள்ளி விழுகிறது. கத்தரிக்காய், வெண்டைக்காய், இஞ்சி, வாழைப்பழம், காய்வெட்டான மாங்காய் எல்லாம் இதே ஜாதி. மைனஸ் 5-இல் பஸ் நிறுத்தத்தில் 15 நிமிடம் நின்றால் போதும், கையில் தொங்கும் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் இலையின் கதை முடிந்தது. ஆகவே இவற்றைக் காகிதத்தில் சுற்றி முதுகுப்பையில் உங்கள் முதுகை ஒட்டிய பக்கத்தில் வையுங்கள், அல்லது கோட்டுக்குள் அணைத்துக்கொள்ளுங்கள். நான் பேசில் கட்டைக் கழுத்துத் துண்டுக்குள் சுருட்டி எடுத்துவருவேன், மெட்ரோவில் பக்கத்தில் உட்காருபவர்கள் மோப்பம் பிடித்துத் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். பாக் சோய் கீரை, நாப்பா கோஸ், டைகான் முள்ளங்கி போன்றவற்றுக்கு இந்தச் சீராட்டு எதுவும் தேவையில்லை. பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிர்தான் அவற்றுக்குச் சுகம், நேரடியாக உறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டம்ப்ளிங் கதை நேர் எதிர். அதைக் கெடுத்தது வெளிக்குளிர் அல்ல, நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய சூடான கடைகளும் மெட்ரோவும். மேல்மாவு இளகி ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, வீட்டு ஃப்ரீசரில் அதே கோலத்தில் மறுபடி இறுகியது. ஃப்ரீசர் மைனஸ் 18, தெரு மைனஸ் 3 என்றால் தெருவில் நடப்பதால் நஷ்டம் கொஞ்சம்தான், உள்ளே நிற்பதால்தான் அதிகம். வெப்பம் தடுக்கும் பை ஒன்றை மடித்து எடுத்துப் போங்கள், உறைந்த பொருட்களை எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கி அதில் அடுக்குங்கள், பில் போடும் வரிசைக்குப் போகிற வழியில் கடைசியாக டம்ப்ளிங்கை எடுங்கள். எடுக்கும்போதே பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று தனித்தனியாக ஆட வேண்டும். கட்டியாகவோ, பனித்துகள் அடையாகவோ இருந்தால் கடைக்கு வரும் வழியிலேயே ஒரு தடவை இளகிவிட்டது என்று அர்த்தம், திருப்பி வைத்துவிடுங்கள். கணவருக்கு மீன், இறைச்சி வாங்கினால் பொதுவான கணக்கு இது: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

மளிகைக் கடை பாதி வழியில் இருந்து, மற்ற கடைகள் அதற்கு அப்புறம் என்றால்? இரண்டு தடவை நுழையுங்கள். முதல் தடவை சுற்றிப் பார்த்து நூடுல்ஸ், சாஸ், மசாலா மாதிரி கெடாத சரக்கை வாங்குங்கள், திரும்பும் வழியில் பச்சையும் உறைந்ததும். அரிசி மூட்டையை மட்டும் இந்த ஒரு நாளைக்கு மறந்துவிடுங்கள். உலாப் போகிற நாளில் 10 கிலோவைச் சுமந்தால் அது உலாவே இல்லை, தண்டனை.

இப்போது சோயா சாஸ். பாட்டிலின் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர், சிலவற்றில் கொஞ்சம் சர்க்கரை, இவ்வளவுதான் இருந்தால் அது பெரும்பாலும் மாதக்கணக்கில் நொதிக்கவைத்தது. 'ஹைட்ரலைஸ்டு' புரதமும் கேரமல் நிறமுமே பட்டியலில் முன்னால் நின்றால் அமிலத்தில் சில நாட்களில் செய்தது, நான் வாங்க மாட்டேன். சீன பாட்டில்களில் அமினோ அமில நைட்ரஜன் (புரதம் உடைந்து வந்த சுவையின் அளவு) என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், 100 மில்லிக்கு 0.8 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் அவர்கள் தரவரிசையில் ஆக உயர்ந்த தரம். (சுவையூட்டி சேர்த்தும் அந்த எண்ணை உயர்த்தலாம், அதனால் பொருட்பட்டியலோடு சேர்த்தே பாருங்கள்.) சீன வகையில் 'லைட்' என்றால் நிறத்திலும் அடர்த்தியிலும் இளசு, அன்றாடச் சமையலுக்கு அதுதான், உப்பு குறைவு என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். 'டார்க்' நிறத்துக்கு, அரை ஸ்பூன் போதும். ஜப்பானிய வகையில் சாதாரணமானது கொய்குச்சி. வெளிறிய உசுகுச்சி அதைவிட உப்பு தூக்கல். கோதுமை ஆகாதவர்கள் பெரும்பாலும் கோதுமை இல்லாமல் செய்யும் தமாரி வகையைத் தேடலாம், ஆனால் சில தமாரியில் கொஞ்சம் கோதுமை உண்டு, லேபிளைப் பார்த்துவிடுங்கள். முதல் தடவை வாங்குகிறவர் ஒரு லைட் பாட்டில் வாங்கித் தீர்த்துவிட்டு அடுத்ததைப் பற்றி யோசித்தால் போதும், நான்கு பாட்டில் வாங்கி அலமாரியை நிரப்புவது ஆசையே தவிர சமையல் இல்லை.

கணவருக்கு மீன் சாஸ் வேண்டுமென்றால் வியட்நாம் பாட்டிலில் 30, 40 என்று எண்ணும் அதன் பக்கத்தில் N என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதுதான் அது. 30-உம் அதற்கு மேலும் நல்ல சரக்கு, 40 தொட்டுக்கொள்ள.

உங்களுக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை. காய்கறி படம் போட்டிருப்பதாலேயே அது சைவம் ஆகிவிடாது. கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருக்கும், தாய் கறி பேஸ்ட்டில் இறால் விழுது, ஜப்பானிய சூப் பொடியில் உலர்ந்த மீன், காளான் சுவை நூடுல்ஸின் பொட்டலத்தில்கூடக் கோழிப் பொடி இருக்கலாம். இறக்குமதியாளர் ஒட்டிய சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் உங்களுக்குத் தெரிந்த மொழியில் பொருட்பட்டியல் இருக்கும், படிக்க முடியாத எழுத்தில் மட்டும் இருந்தால் மொபைல் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள், சந்தேகம் தீராவிட்டால் வாங்காதீர்கள். சிப்பி சாஸுக்குப் பதில் காளானில் செய்த சைவ வகை கிடைக்கிறது, எனக்கு அசலைவிட அதுதான் பிடிக்கும்.

தேதியில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். சீனப் பொருட்களில் பெரும்பாலும் தயாரித்த தேதியும் எத்தனை மாதம் தாங்கும் என்பதும்தான் இருக்கும். 2025 12 10 என்று பார்த்துக் காலாவதி என்று நினைத்துவிடாதீர்கள், 18 மாதம் என்று போட்டிருந்தால் 2027 ஜூன் வரைக்கும் நல்லது. ஜப்பான், கொரியாவில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, 26.11.05 என்றால் 2026 நவம்பர் 5. தாய்லாந்துச் சரக்கில் சில சமயம் புத்த ஆண்டு இருக்கும், 543-ஐக் கழியுங்கள், 2569 என்பது 2026. தைவானில் 115 என்றிருந்தால் 1911-ஐக் கூட்டுங்கள், அதுவும் 2026தான்.

குளிர்காலத்தில் பழ அடுக்கையும் ஒரு கை பாருங்கள். பெர்சிமன் இரண்டு வடிவத்தில் கிடக்கும். தக்காளி மாதிரி தட்டையாக இருக்கும் ஃபுயுவைக் கெட்டியாகவே நறுக்கிச் சாப்பிடலாம். கீழே கூம்பிய ஹச்சியாவைக் காயாகக் கடித்தால் நாக்கில் துவர்ப்பு ஒட்டிக்கொண்டு போகவே போகாது, தோலுக்குள் ஜெல்லி போலத் தளதளவென்று ஆகும்வரை ஜன்னலோரம் வைத்திருக்க வேண்டும். பம்ளிமாஸைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். டோஃபுவில் (சோயாப் பாலில் செய்த பன்னீர்), தண்ணீரில் மிதக்கும் வகையைச் சுமப்பதைவிட, பால் பாக்கெட் மாதிரி அட்டைப்பெட்டியில் வெளி அலமாரியில் இருக்கும் சில்க்கன் வகை உங்கள் பயணத்துக்குத் தோது, அதற்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை.

இன்னொன்று, சீனர்கள் கொண்டாடும் சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமையாகப் பார்த்துப் போகாதீர்கள். அது ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் ஏதாவது ஒரு நாள் வரும், 2027-இல் பிப்ரவரி 6. அந்த வாரம் வண்டி தள்ள இடமிருக்காது. கூட்டத்தோடு கூட்டமாகப் பண்டிகைக் களையைப் பார்க்க ஆசை என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் நிதானமாக லேபிள் படிக்கும் வேலை நடக்காது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் உறைந்தவை ஃப்ரீசருக்கு. டம்ப்ளிங் ஓரமாக இளகியிருந்து இன்னும் சில்லென்று இருந்தால் அன்று இரவே வேகவைத்துவிடுங்கள். பேசிலின் தண்டு நுனியை வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தி அடுப்படி மேடையிலேயே வையுங்கள், ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் அங்கேயும் கறுக்கும். எலுமிச்சைப்புல்லும் காஃபிர் எலுமிச்சை இலையும் மிஞ்சினால் ஃப்ரீசரில் போடலாம், வாசனை பெரிதாகக் குறையாது. திறந்த சோயா சாஸ் ஃபிரிட்ஜில் இருந்தால் மணம் நாளாகும் வரை நிற்கும். மிசோ (நொதித்த சோயா விழுது) வாங்கியிருந்தால் அதை ஃப்ரீசரிலேயே வைக்கலாம், உப்பு அதிகம் என்பதால் கல்லாக இறுகாது, கரண்டியால் அப்படியே வழித்தெடுக்க வரும்.