எடையை எப்போது கூட்டுவது?

கேள்வி: ஜிம்முக்குப் போக ஆரம்பித்து நாலு மாசம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் தூக்கும் எடை தானாக ஏறியது. இப்போது ஷோல்டர் பிரஸ்ஸில் (தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவது) 10 கிலோ டம்பெல்லை 12 தடவை தூக்க முடிகிறது, அடுத்து ரேக்கில் இருக்கும் 12.5 கிலோவை எடுத்தால் ஐந்தாவது ரெப்பிலேயே, அதாவது ஐந்தாவது தடவையிலேயே, கை நடுங்குகிறது. ஒரு மாதமாக இங்கேயே நிற்கிறேன். என்னிடம்தான் ஏதாவது குறையா?

பதில்: உங்களிடம் ஒரு குறையும் இல்லை, அந்த ரேக்கில்தான் இருக்கிறது. 10-லிருந்து 12.5 என்பது பார்க்க வெறும் இரண்டரை கிலோ, ஆனால் ஒரே தாவலில் 25 சதவீதம். 100 கிலோ ஸ்குவாட் போடுகிறவரிடம் போய் "நாளைக்கு 125 போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று! அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்ட பரிந்துரையே, குறி வைத்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு ரெப் வரும்போது 2 முதல் 10 சதவீதம் வரைதான் கூட்டச் சொல்கிறது.

இன்னொன்று, 12.5-இல் ஐந்து தடவை வருவதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறீர்கள் பாருங்கள், அது தப்பு. எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு: ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, அதோடு 1 கூட்டி, எடையால் பெருக்கினால் ஒரே ஒரு தடவை அதிகபட்சமாக எவ்வளவு தூக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். 10 கிலோ 12 தடவைக்கு 14 வருகிறது, 12.5 கிலோ 5 தடவைக்கு 14.6. அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரே பலம்தான், கொஞ்சம் நன்றாகவே தூக்குகிறீர்கள். எடை கூடினால் ரெப் குறையத்தான் செய்யும்.

சரி, என்ன செய்வது? 10 கிலோவிலேயே இருந்து, மூன்று செட்டிலும் (நடுவில் ஓய்வு விட்டுச் செய்யும் மூன்று சுற்றிலும்) 15 வரும்வரை ரெப்பை மட்டும் கூட்டுங்கள். அதே கணக்கில் 10 கிலோ 15 தடவையும் 12.5 கிலோ 6 தடவையும் சமம், அதனால் அப்புறம் 12.5-க்குப் போய் ஆறிலிருந்து மறுபடி ஏறலாம். பொறுமை இல்லையென்றால் முதல் செட்டை மட்டும் 12.5-இல் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் 10-இல் முடியுங்கள், நான் இதைத்தான் செய்வேன். முதல் இரண்டு மாத வேகத்தை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள், அதில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வந்ததல்ல, இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்க நரம்பு மண்டலம் பழகியதால் வந்தது.

கேள்வி: என்ன ஆனாலும் வாரம் 2.5 கிலோ கூட்டியே ஆகவேண்டும் என்கிறான் நண்பன். சரியா?

பதில்: வருஷத்துக்கு 52 வாரம், ஆக 130 கிலோ. இரண்டு வருஷத்தில் உங்கள் நண்பர் பெஞ்ச் பிரஸ்ஸில் 260 கிலோவைத் தாண்டியிருப்பார், பார்த்தால் சொல்லுங்கள். புதிதாக வந்தவருக்கு ஸ்குவாட், டெட்லிஃப்ட் மாதிரி பெரிய பயிற்சிகளில் சில மாதம் அப்படி ஓடும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட சிப்பாய்களுக்குப் பளு தூக்கவைத்துத் தேற்றிய தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர் 1945-இல் எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை எழுதிவைத்தார். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று வாரம் ஒருமுறை சோதித்துப் பார்த்து, அதை வைத்துத்தான் அடுத்த வாரத்து எடையை முடிவு செய்தார். காலண்டரைப் பார்த்து ஏற்றவில்லை. தசை சீக்கிரம் பலமாகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலமாகும், தோள்பட்டையிலும் முழங்கையிலும் வலி பிடிப்பது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். மூட்டில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: காய்ச்சலில் இரண்டு வாரம் போகவில்லை. விட்ட எடையிலேயே தொடரலாமா?

பதில்: காய்ச்சல் முழுசாக விட்டு, சாப்பாடும் தூக்கமும் பழையபடி ஆனபிறகு போங்கள். 10 முதல் 20 சதவீதம் குறைத்துத் தொடங்கினால் போதும், இரண்டு வாரத்தில் பலம் பெரிதாகக் கரைந்துவிடாது. முதல் நாள் "இவ்வளவுதானா" என்று தோன்றினாலும் கூடுதலாக ஒரு பிளேட் மாட்டாதீர்கள், மறுநாள் படி இறங்கும்போது புரியும்.