வானவில் சதுரம் வந்தால் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி): ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில், வீடியோ ஓட்டும் கோடி மென்பொருளைப் போட்டு டிவியில் இணைத்திருக்கிறோம். என் கணவர் பல வருடமாக எடுத்த குடும்ப வீடியோக்கள் ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. பென் டிரைவில் உள்ளது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் ஐந்து, பத்து நிமிடத்தில் திரை கறுத்துவிடுகிறது. பிறகு வானவில் நிறத்தில் ஒரு சதுரம் வந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மகன் இரண்டு முறை கோடியை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டான். சார்ஜர் புதியது, 33 வாட். வேறு என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அதில் இருப்பதற்கு வேறு பிரதி இல்லையென்றால், இன்றைக்கே ஒரு கம்ப்யூட்டரில் செருகி இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு மின்சாரம் விட்டுவிட்டு வருவது நல்லதல்ல. போர்டு போனால் வேறு வாங்கலாம், வீடியோக்கள் அப்படியல்ல.

இனி காரணத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. அந்த வானவில் சதுரம், போர்டுக்கு மின்சாரம் வந்து அது முதன்முதலாக விழிக்கும்போது காட்டும் திரை. கோடி மட்டும் விழுந்து எழுந்தால் அது வராது. அப்படியானால் உங்கள் வீட்டில் நின்றுபோவது கோடி அல்ல, போர்டே அணைந்து மறுபடி தொடங்குகிறது. அதனால்தான் மகன் இரண்டு முறை புதிதாகப் போட்டும் மாற்றமில்லை.

33 வாட் என்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சார்ஜரின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று இருக்கும் வரியைப் படியுங்கள். அந்த 33 வாட் பெரும்பாலும் 9 வோல்ட், 11 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தத்தில் கிடைப்பது. போனும் சார்ஜரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்த பிறகுதான் அது வரும். ராஸ்பெர்ரி பை 3-க்கு அந்தப் பேச்சு தெரியாது. அதற்குக் கிடைப்பது 5 வோல்ட் வரியில் உள்ளது மட்டும்தான், பல சார்ஜர்களில் அது 2 ஆம்பியர். இந்த போர்டுக்குப் பரிந்துரைக்கப்படுவது 2.5 ஆம்பியர். யுஎஸ்பி துளைகள் நான்கும் சேர்த்து 1.2 ஆம்பியர் வரை எடுக்கலாம். போர்ட்டபிள் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது தனியாகவே 1 ஆம்பியரை நெருங்கிவிடும். பென் டிரைவ் ஓடுவதும் டிஸ்க் ஓடாததும் இதனால்தான்.

கேபிளையும் பாருங்கள். எனக்கு இதே தொல்லை வந்தபோது கடைசியாகத்தான் கேபிளைச் சந்தேகப்பட்டேன். அப்பா பதிவு செய்து வைத்திருந்த கோயில் நாதஸ்வரக் கச்சேரிகளை அவருக்கு டிவியில் போட்டுக்காட்ட வேண்டும் என்று இரண்டு வாரம் எஸ்டி கார்டு மாற்றினேன், கோடியின் பதிப்பை மாற்றினேன். பிறகு போர்டில் வரிசையாக நிற்கும் உலோகக் கால்களில் 5 வோல்ட் காலிலும் கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட்) காலிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 4.5 வோல்ட்தான் காட்டியது. ஒரு மெல்லிய கேபிளுக்கும் அதன் முனைகளுக்கும் சேர்த்து 0.3 ஓம் தடை இருந்தால், 1.5 ஆம்பியர் ஓடும்போது 0.45 வோல்ட் வழியிலேயே போய்விடும். மிச்சம் 4.55. இந்த போர்டு 4.63-க்குக் கீழே இறங்கினாலே ‘மின்சாரம் போதவில்லை’ என்று எச்சரிக்கும். அதற்கென்றே செய்த அடாப்டர் 5.1 வோல்ட் கொடுப்பதும், அதன் கேபிள் கழற்ற முடியாதபடி இருப்பதும் இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

எச்சரிக்கை என்றேனே, அது திரையின் வலது மேல் மூலையில் ஒரு மஞ்சள் மின்னல் குறி. குறி தெரியவில்லை என்பதால் மின்சாரம் சரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மகனிடம் சொல்லி, கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ (vcgencmd get_throttled) என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பதில் ‘0எக்ஸ்0’ என்றால் குறையில்லை. ‘0எக்ஸ்50000’ என்றால் போர்டு தொடங்கியபின் எப்போதோ மின்சாரம் தாழ்ந்திருக்கிறது. ‘0எக்ஸ்50005’ என்றால் இந்த நிமிடமே தாழ்ந்துகொண்டிருக்கிறது. ஒன்று தெரியுமா, போர்டு அணைந்து எழுந்தால் இந்தக் கணக்கும் அழிந்துவிடும். அதனால் டிஸ்க்கைச் செருகி, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். நகல் எடுத்த பிறகு மட்டும்.

வாங்க வேண்டியவை இரண்டு: 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர், அப்புறம் தனி மின் இணைப்பு உள்ள யுஎஸ்பி ஹப், அதாவது ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி. டிஸ்க்கை ஹப்பில் செருகுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் அடாப்டரை முதலில் வாங்குங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): என் போர்டும் பை 3-தான். பழைய வீடியோக்கள் நன்றாக ஓடுகின்றன. புதிய போனில் எடுத்தவை மட்டும் திக்கித் திக்கி ஓடி, சில சமயம் கோடி மூடிக்கொண்டு மறுபடி வருகிறது. போர்டு சூடாவதாலா?

பதில்: சூடு 80 டிகிரியைத் தாண்டினால் போர்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனாலும் படம் திக்கும். ஆனால் புதிய போனில் எடுத்தது மட்டும் என்கிறீர்களே, அதைப் பார்த்தால் காரணம் வேறு. இன்றைய போன்கள் பல, இடத்தை மிச்சப்படுத்த வீடியோவை ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதிவு செய்கின்றன. பை 3-இன் சிப்பில் பழைய முறையான ஹெச்.264-ஐ விரிப்பதற்குத் தனிப் பகுதி இருக்கிறது, ஹெச்.265-க்கு இல்லை. முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. 2019-இல் வந்த பை 4-இல்தான் ஹெச்.265-க்கு அந்த வசதி சேர்ந்தது.

இதற்காக போர்டை மாற்றச் சொல்ல மாட்டேன். போனின் கேமரா செட்டிங்ஸில் ஹெச்.264-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஐபோனில் அது ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று இருக்கும். ஏற்கெனவே எடுத்தவற்றைக் கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, 1080 அளவில், 8 பிட் ஹெச்.264 ஆக மாற்றுங்கள். 10 பிட் வேண்டாம், அதையும் இந்தச் சிப் விரிக்காது.

கேள்வி (சேலம் வாசகர்): போர்டு அணையவில்லை, வீடியோ வகையும் பிரச்சினை இல்லை. கோடி மட்டும் முகப்புத் திரையிலேயே விழுகிறது. எங்கே தேடுவது?

பதில்: கோடி தன் வேலைகளை ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கும். விழுந்து எழுந்தபின் ‘கோடி.லாக்’ புதிதாகத் தொடங்கிவிடும், நீங்கள் படிக்க வேண்டியது அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘கோடி.ஓல்ட்.லாக்’. அதன் கடைசி வரிகளில் ஏதாவது ஆட்-ஆன் (கோடியில் கூடுதலாகச் சேர்த்த சிறு மென்பொருள்) பெயர் இருந்தால் அதை முதலில் நீக்கிப் பாருங்கள். எதுவும் புரியவில்லையென்றால் கோடியை நிறுத்திவிட்டு, புள்ளியில் தொடங்கும் அதன் மறைவான ‘.கோடி’ ஃபோல்டருக்கு வேறு பெயர் வையுங்கள். அழிக்காதீர்கள். மறுபடி தொடங்கும்போது கோடி வெறும் செட்டிங்ஸோடு வரும். அப்போது விழாமல் ஓடினால் பழைய ஃபோல்டரில்தான் கோளாறு. அப்போதும் விழுந்தால் எஸ்டி கார்டை மாற்றிப் பாருங்கள், பழைய பெயரைத் திருப்பி வைத்தால் செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே கிடைத்துவிடும்.