தட்டினால் வேலை போகுமா?

கேள்வி: என் தம்பி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சேர்ந்த இரண்டாம் நாள், மாலை ஐந்து மணிக்கு மேனேஜர் 'யூ கேன் நொக் ஓஃப் (knock off) நவ்' என்றாராம். அகராதியில் 'தட்டி விழுத்து' என்று இருக்கவே, வேலை போய்விட்டது என்று பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் இல்லாத மொழி என்ன மொழி?
– வாசகர், ஹட்டன்

பதில்: முதலில் தம்பியை பஸ் ஏற்றுங்கள். "இன்றைக்குப் போதும், கிளம்பு" என்றுதான் அந்த மனிதர் சொன்னார். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தின் அந்தி நிறுவை முடிந்து மலையிலிருந்து இறங்குகிறோமே, அதுதான் நொக் ஓஃப். தம்பி பயந்தது 'லே ஓஃப்' (lay off) என்ற வேறொன்றுக்கு. ஆட்குறைப்புக்கு அதைத்தான் சொல்வார்கள்.

பின்னால் ஒரு தொகை வந்தால் கதை மாறும். விலையில் ஐம்பது ரூபாய் குறைத்தாலும் நொக் ஓஃப்தான். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொழுந்தில் இரண்டு கிலோ கழிக்கிறார்களே, அதற்கும் இதே சொல் பொருந்தும். கழித்தது நியாயமா என்று எந்த அகராதியும் சொல்லாது. ஒரு கட்டுரையை மளமளவென்று எழுதித் தள்ளுவதும், பிரித்தானியர் பேச்சில் திருடுவதும், ஆளையே தீர்த்துக்கட்டுவதும் இதற்குள் அடக்கம். பெயர்ச்சொல்லானால் போலிச் சரக்கு. நடுவில் ஒரு 'இட்' நுழைந்து 'நொக் இட் ஓஃப்!' ஆனால் அதட்டல்: "போதும், நிறுத்து!"

அப்புறம், என்ன மொழி என்று கேட்டீர்களே. நாம் பரீட்சையில் கொப்பி அடிக்கிறோம், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம், தேயிலைக்கு மருந்து அடிக்கிறோம், ஜன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கிறது. இதில் யாருக்கு அடி விழுந்தது? கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர், எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், ஒரு அக்கா "இன்னிக்கு அரைப் பேருதான் போட்டாங்க" என்று அலுத்துக்கொண்டதைக் கேட்டு, "பேரில் எந்த எழுத்தை விட்டார்கள்?" என்றார். கிலோ குறைந்ததால் பாதிச் சம்பளம் என்று விளக்கியதும் முகம் சுருங்கிப்போனது. அவர் தமிழர்தான்.

தம்பியின் வாக்கியத்தில் எதைத் தட்டுவது என்றே சொல்லவில்லை. நேரமோ மாலை ஐந்து. இந்த இரண்டையும் பார்த்திருந்தால் பஸ் காசு மிச்சம். போனதும் நடந்ததை அப்படியே சொல்லட்டும், மேனேஜர் சிரித்துவிடுவார். 'நொக் இட் ஓஃப்' என்றால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.