மகனுக்கு 8, அம்மாவுக்கு 46: ஒரே வயலின் போதுமா?

"எனக்கு 46 வயது. 8 வயது மகனோடு கர்நாடக வயலின் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் இருக்கும் ஒரே பெரிய வயலினில்தான் இருவரும் பழகுகிறோம். அவன் அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போய்விட்டான். எனக்கு முதல் பாடமான சரளி வரிசையிலேயே சுருதி சேரவில்லை. தரையில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது. விட்டுவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

விட வேண்டாம். ஆனால் வயலினைப் பங்கு போடுவதை நிறுத்துங்கள். 8 வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அரை அளவு வயலின்தான் சரி. இடது கையை நீட்டி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை சுமார் 23 அங்குலம் வந்த பிறகு முழு அளவுக்குப் போகலாம். பெரிய வயலினில் எட்டி எட்டி விரல் வைத்தால் மணிக்கட்டு விறைத்துப்போகும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

முழங்காலுக்கு, கெட்டியாக மடித்த போர்வை மேல் உட்கார்ந்து இடுப்பை உயர்த்திப் பாருங்கள். வயலினின் தலை வலது பாதத்தில் ஆடாமல் ஊன்றியிருக்க வேண்டும். அப்போதுதான் இடது கைக்குத் தாங்கும் வேலை இருக்காது. பின்னால் கமகம் (ஸ்வரத்தை அசைத்து, வழுக்கி வாசிப்பது) வரும்போது கை தந்தியில் தடையின்றி வழுக்கிப் போகும். அப்படியும் வலித்தால் நாற்காலியில் வாசிக்க வழி உண்டா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

இனி சுருதி. வீணையைப் போல வயலினில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் கிடையாது, அதனால் ஸ்வரம் எங்கே என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். உங்கள் மகன் ஆசிரியரைக் கேட்டு அப்படியே திருப்பி வாசிக்கிறான். நீங்கள் விரலைப் பார்த்து, யோசித்து, பிறகு வாசிக்கிறீர்கள். குறை விரலில் இல்லை, இப்படிப் பழகும் முறையில்தான் இருக்கிறது. முதலில் சுருதிப் பெட்டியோடு பாடுங்கள், அப்புறம் வாசியுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

பெரியவர்களுக்குக் காரணம் புரிந்தால் பயம் போய்விடும். மத்திய (நடு ஸ்தாயி) ஸ தந்தியில் விரல் வைக்காமல் திறந்த ஸ, விரல் வைத்து ரி, க, ம. அடுத்த தந்தியில் திறந்த ப, விரல் வைத்து த, நி, மேல் ஸ. தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையில் இந்த இரண்டு பாதிக்கும் இடைவெளி ஒன்றேதான். ரி திறந்த தந்திக்குப் பக்கத்தில், க தள்ளி, ம அதை ஒட்டி. இதே கை அமைப்பை ப தந்தியில் வைத்தால் த, நி, ஸ வந்துவிடும். எட்டு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு கை அமைப்பு! எனக்கு இன்றும் இது அதிசயமாகத்தான் இருக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. மந்தர (கீழ் ஸ்தாயி) ப தந்தியில் விரல் வைத்து மத்திய ஸ வாசியுங்கள். இடம் சரியாக இருந்தால் பக்கத்து ஸ தந்தி தானாக அதிரும், நாதம் சட்டென்று விரியும். விரலை மயிரிழை நகர்த்தினால் அது அடங்கிவிடும். தினமும் ஐந்து நிமிடம் இதைத் தேடுங்கள்.

விரற்பலகையில் அடையாள நாடா மகனுக்குச் சில வாரம் இருக்கட்டும். உங்களுக்கு ஒட்ட விடமாட்டேன், கண் அங்கேயே நின்றுவிடும்.

வகுப்பில் தனி நேரம் கேளுங்கள். வீட்டில் 20 நிமிடம் போதும், முதல் ஐந்து நிமிடம் திறந்த தந்தியில் வில்லை நீளமாக இழுத்துப் பழகுங்கள். வேகமான மூன்றாம் காலம் இப்போது வேண்டாம். மெதுவான முதல் காலத்தில் சுருதி நின்ற பிறகு ஜண்டைக்குப் போங்கள்.